ஓரெழுத்து மாறிய பாட்டில்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி ஜன்னல் இருக்கிறது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அந்த ஜன்னலுக்குப் பின்னால் மெரூன் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஸ்டோர் அக்கா. ஐந்து மாடிக்கும் அவர் அக்காதான். அவரைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியர்கூட, "அக்காகிட்ட இருக்கும், கேட்டு வாங்கிக்கோங்க" என்றுதான் சொல்வார்.

ஸ்வெட்டருக்குக் காரணம் பின்னால் இருக்கும் குளிரறை. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அதற்குள் போய் வர வேண்டும். அவருடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "ஊரே ஃபேனுக்கடியில உக்காந்திருக்கு, எங்க வீட்டம்மா மட்டும் பனிமலைக்கு வேலைக்குப் போயிட்டு வருது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். மனைவியைக் கிண்டல் செய்வதில் அப்படி ஒரு பெருமை அவருக்கு.

நான் கொள்முதல் பிரிவில் இருந்தேன். என் மேசை அந்தக் கம்பி ஜன்னலுக்கு நேர் எதிரே. ஆராய்ச்சியாளர்கள் கேட்பதை நான் வரவழைப்பேன், வந்து இறங்குவதை அக்கா எடுத்து வைப்பார். பன்னிரண்டு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். அதனால் இந்தக் கதையில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அக்கா சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்.

பெரிய தெர்மோகோல் பெட்டி வரும். உடைத்தால் உள்ளே புகை கக்கும் உலர்பனி. அதையும் கையுறை போட்டுத் தள்ளிப் பார்த்தால், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரே ஒரு குப்பி இருக்கும். அதற்குள் இரண்டு சொட்டு. அதுதான் ஆன்டிபாடி. நம் உடம்பில் நோய்க்கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறதே, அந்த எதிர்ப்பொருள்தான். ஆராய்ச்சிக் கூடத்தில் அதற்கு வேறு வேலை. ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும் கூழில், தேடுகிற ஒரு புரதத்தை மட்டும் போய்ப் பிடித்துக் காட்டித் தரும்.

"இது ரொம்ப ரோஷக்காரப் பொருள்" என்று அக்கா எனக்கு விளக்கினார். "ஒருத்தரத்தான் தெரியும் இதுக்கு. மத்தவங்கள ஏறெடுத்தும் பாக்காது. ஒரு தடவ உருகி, மறுபடி உறைஞ்சு, மறுபடி உருகிச்சுன்னு வையி, கோவிச்சுக்கிட்டுப் படுத்துரும். அப்புறம் கையக் காலப் புடிச்சாலும் எழுந்திரிக்காது."

அதனால் வந்த உடனே அதைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி உறைய வைத்துவிடுவார்.

அடுத்த அலமாரி அமினோ அமிலங்களுடையது. புரதம் என்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த மாலை. மாலையின் ஒரு சிறு துண்டை ஆய்வகத்தில் செய்ய வேண்டுமென்றால், இருபது வகை மணிகளும் தனித்தனி பாட்டிலில் பொடியாக வேண்டும். வெறும் மணி உதவாது. கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒட்டக் கூடாத முனைகளை மூடி, வேதியியல்படி கொஞ்சம் மாற்றிய வகைகளை வாங்குவோம். பெயர் ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். அக்கா அவற்றுக்குத் தொப்பிக்காரங்க என்று பெயர் வைத்திருந்தார். "மூணாவது தட்டு காலி. தொப்பிக்காரங்கள்ல நாலு பேர் தீந்துட்டாங்க, ஆர்டர் போடு" என்பார். எனக்குப் புரிந்துவிடும்.

அவர் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இருபத்திரண்டு வயதில் இங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்கு வந்தார். ஆறு வருடம் கழுவினார். ஒரு நாள் பழைய ஸ்டோர்க்காரர் லீவு. உலர்பனிப் பெட்டி ஒன்று வந்திறங்க, வாசலில் இருந்த காவலர் அதை வெயிலில் ஓரங்கட்டிவிட்டார். கழுவிய பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு போன இவர், பெட்டிமேல் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, பீக்கர்களைக் கீழே வைத்து, பெட்டியைச் சுமந்துபோய்க் குளிர்பெட்டிக்குள் வைத்தார். "உன்ன யாரு தொடச் சொன்னா?" என்று முதலில் திட்டு விழுந்தது. பிறகு அந்தப் பெட்டியை வரவழைத்திருந்த பேராசிரியர் போய்ப் பேசி இவரை ஸ்டோருக்கு மாற்றச் சொன்னார். அன்றிலிருந்து கொடுக்கும் ஒவ்வொரு பொருளின் லேபிளையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் ஜன்னல் வழியே நீட்டுவார். அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். அக்கா அசைய மாட்டார்.

மூன்றாம் மாடியில் கண்ணைப் பற்றி ஆராய்ந்தார்கள். அக்காவை ஸ்டோருக்கு மாற்றச் சொன்ன பேராசிரியரின் கூடம் அதுதான். கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது அல்லவா, வயதானால் மங்கிப்போகும், அந்த வில்லையில் உள்ள ஒரு புரதத்தைத்தான் அவர்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி கடையில் கிடைக்கவில்லை. சொந்தமாகவே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பு முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுடையது. முப்பதை நெருங்கும் வயது, வேகமான நடை, பேச்சிலும் வேகம். பட்டம் வருவதற்கு முன்பே அக்கா அவருக்குச் சின்ன டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்.

சின்ன டாக்டர் பதினைந்து மணி கோத்த துண்டு ஒன்றைச் செய்தார். அதை எடை போட்டுப் பார்த்தார்கள். இம்மி பிசகவில்லை. அதை விலங்குக் கூடத்தில் இரண்டு முயல்களுக்கு ஊசி மூலம் கொடுத்தார்கள். அன்னியப் பொருள் உள்ளே வந்தால் முயலின் உடம்பு அதற்கெதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பிரித்தார்கள். ஆன்டிபாடி வந்திருந்தது. செய்த துண்டோடு சேர்த்துப் பார்த்தால் கப்பென்று பிடித்துக்கொண்டது. மாடியில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். எனக்கும் வந்தது.

ஆனால் எலிக் கண்ணின் வில்லையிலிருந்து எடுத்த நிஜப் புரதத்தைக் காட்டியபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோதனைப் படத்தில், பிடித்திருந்தால் கறுப்புக் கோடு விழ வேண்டிய இடம் வெள்ளைவெளேரென்று கிடந்தது.

சின்ன டாக்டர் மறுபடி செய்தார். மறுபடியும் வெள்ளை. உப்பை மாற்றினார், சூட்டை மாற்றினார், நேரத்தை மாற்றினார். ஏழு மாதம் இப்படியே போனது. பேராசிரியர் கடுஞ்சொல் சொல்லாத மனிதர். ஆனால் கூட்டத்தில் அவர் "ஹும்" என்று ஒன்று போடுவார், அது திட்டைவிட மோசம் என்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் குளிரறைக்குள் போன அக்கா, அடுக்கி வைத்த தெர்மோகோல் பெட்டிகளுக்குப் பின்னால் சின்ன டாக்டர் நின்று அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார்.

"இங்க நின்னு அழுதா கண்ணீரு உறைஞ்சுபோகும். இந்தா" என்று ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டார்.

"என் கையே சரியில்லக்கா. எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வர மாட்டேங்குது. இந்த மாசத்தோட போதும். எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

"நாலு வருஷம் படிச்சுட்டா?"

"அஞ்சு வருஷம்."

அக்காவுக்கு அன்று முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை. அதில் கொஞ்சம் தன்மானமும் கலந்திருந்தது. பொருள் குளிர் குறைந்து கெட்டிருக்குமோ என்று மூன்றாம் மாடியில் யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருந்தது. "என் பெட்டியில வச்சது கெட்டுப் போச்சாமா? இருக்கட்டும், பாத்துடறேன்" என்று பதிவேடுகளை இறக்கினார். ஒவ்வொரு நாளும் காலை மாலை எழுதிய குளிர் அளவு. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. முகத்தில் வெற்றிச் சிரிப்போடு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடுத்தால் முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். அந்தப் பதினைந்து மணிக்கும் என்னென்ன பாட்டில் கொடுத்தோம் என்று வழங்கல் புத்தகத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினான்கு சரி. பதினைந்தாவது ஆஸ்பார்டிக் அமிலம். பக்கத்தில் எழுதியிருந்த தொகுதி எண் அவருக்குப் பழக்கமானதாக இல்லை. எழுந்து போய் அலமாரியின் கடைசித் தட்டில் கைவிட்டுத் துழாவினார். வேலையை விட்டுப் போன ஓர் ஆராய்ச்சியாளர் திருப்பிக் கொடுத்த பாட்டில் அங்கே இருந்தது, சின்ன டாக்டர் எடுத்தது போகத் திரும்பி வந்த மீதியோடு. அதே கம்பெனி, அதே வெள்ளை மூடி, அதே முழ நீளப் பெயர். ஓரெழுத்து மட்டும் வேறு. 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'.

அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை என்று இரண்டு உண்டு. கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி. உயிருள்ளவை புரதம் கோக்கும்போது எடுப்பது எல் என்கிற இடக்கையைத்தான். டி என்பது வலக்கை. இடது செருப்புக்கும் வலது செருப்புக்கும் எடையில் வித்தியாசம் உண்டா? அதனால்தான் எடை போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. முயலும் பாவம், தனக்குக் காட்டிய வலக்கைத் துண்டைப் பிடிக்கத்தான் ஆன்டிபாடி செய்து கொடுத்திருந்தது. நிஜப் புரதத்தை அதற்கு எப்படித் தெரியும்?

வழங்கல் புத்தகத்தில் இருந்தது அக்காவின் கையெழுத்து. தேதியைப் பார்த்தார். அவர் கணவர் பணிமனைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்த நாள். தொலைபேசி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை, "அக்கா, இது ஒண்ணு மட்டும்" என்று சின்ன டாக்டர் நிறுத்தியிருக்கிறார். வழக்கமான பாட்டில் தீர்ந்திருந்தது. பின்தட்டில் இருந்ததை எடுத்து, எண்ணை மட்டும் கிறுக்கிவிட்டு, நீட்டிவிட்டு ஓடியிருக்கிறார். அன்று வாய்விட்டுப் படிக்கவில்லை.

இதை அவர் கண்டுபிடித்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்று என்னிடம்கூட ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். வீட்டில் கணவரிடம் சொன்னார்.

கணவர் இன்னும் சரியாக மடங்காத காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கேட்டார். "சொன்னா என்ன பண்ணுவாங்க?"

"வேலைய விட்டுத் தூக்கலாம். தெரியல."

"சொல்லலன்னா?"

"யாருக்கும் தெரியாது. பாட்டில கழுவி வச்சுட்டா முடிஞ்சுது. ஆனா அந்தப் பொண்ணு தன் கையே சரியில்லன்னு நெனச்சுக்கிட்டுப் போயிடும்."

அவர் காலைத் தடவிக்கொண்டே, "என் கால் உடைஞ்சதால வந்த வினை. திங்கக்கெழம நானும் கூட வரட்டுமா?" என்றார்.

"எதுக்கு? பஸ்ஸ அங்க கொண்டாந்து நிறுத்தவா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை பாட்டிலையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். லிஃப்ட் வரும்வரை பொறுக்க முடியாமல் படியேறினார். பேராசிரியர் அறையில் சின்ன டாக்டரும் இருந்தார், கையில் விலகல் கடிதத்தோடு.

"சார், ஒரு நிமிஷம். மாத்திக் குடுத்தது நான்தான்" என்று பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

பேராசிரியர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி லேபிளைப் பார்த்தார்.

"அன்னிக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார்.

"அவசரம் இருந்துச்சு சார். ஆனா படிச்சிருக்கணும். படிக்கல."

கணவரின் கால் முறிந்த விஷயத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "லேபிள நாங்களும்தான் படிக்கல" என்று மெல்லச் சொன்னார்.

சின்ன டாக்டர் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்க்காமலேயே வெளியே போய்விட்டார். மூன்று வாரம் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் வேறு யாரையாவது அனுப்பி வாங்கிக்கொண்டார். வேலை போயிருந்தால்கூட அக்காவுக்கு இந்த மௌனம் அளவுக்கு வலித்திருக்காது. "ஏழு மாசம் சும்மாவா? நானா இருந்தா ஏழு வருஷம் பேச மாட்டேன்" என்று என்னிடம் அந்தப் பெண்ணுக்காகவே வாதாடினார்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? கண்டித்து ஓலை வந்தது. இரண்டு மாதம் ஸ்டோரைத் தொடக் கூடாது, பழையபடி பாத்திரம் கழுவும் அறை. அவர் இடத்துக்குக் கணினி தெரிந்த ஒருவரை உட்கார வைத்தார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று கணினிக்கே தெரியாதபோது அவர் என்ன செய்வார்? இரண்டாம் நாளே ஐந்து மாடி ஆட்களும் பாத்திர அறைக்குப் படையெடுத்தார்கள். "அக்கா, அந்தப் பச்ச மூடி எங்க?" "அக்கா, முயல் ஆன்டிபாடி எந்தத் தட்டு?" சோப்பு நுரைக்கையை அந்தரத்தில் நீட்டி, "ரெண்டாவது பெட்டி, இடப்பக்கம், மேல பஞ்சு வச்சிருப்பேன், அதுக்கடியில" என்று இவர் அங்கிருந்தே ஸ்டோரை நடத்தினார்.

தவறான அந்த ஆன்டிபாடியைத் தூக்கி எறியச் சொல்லி உத்தரவு. எறிய வேண்டுமென்றால் உரியவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். உரியவரோ கீழ்த்தளத்துக்கே வருவதில்லை. அதனால் இரண்டு டஜன் குப்பிகளும் குளிர்பெட்டியின் மூலையில் கிடந்தன.

நான்காவது வாரம் சின்ன டாக்டர் பாத்திர அறைக்கு வந்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். தேநீர் கொண்டுபோயிருந்தேன்.

"அக்கா, அது இருக்கா? எறிஞ்சுட்டீங்களா?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "நீ கையெழுத்துப் போடாம நான் எப்படி எறிவேன்?"

சின்ன டாக்டர் ஓரமாகக் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சு மறுபடி அதே வேகத்தில் வந்தது. வில்லையில் உள்ள புரதத்தை உடம்பு மாற்றுவதே இல்லை, பிறந்தபோது இருந்ததுதான் சாகும்வரை. அவ்வளவு காலம் கிடக்கிற புரதத்தில் சில ஆஸ்பார்டிக் மணிகள் தானாகவே இடக்கையிலிருந்து வலக்கைக்குத் திரும்பிவிடுமாம். நேற்று படித்தாராம். "நான் பாத்ததெல்லாம் குட்டி எலிக்கா. வயசான கண்ணப் பாக்கவே இல்ல."

"அப்படின்னா?"

"தெரியல. ஒருவேள. எனக்கு ரெண்டு குப்பி வேணும்."

"நான் ஸ்டோர்ல இல்லையே."

"நீங்க எங்க இருக்கீங்களோ அதுதான் ஸ்டோர்" என்றார் சின்ன டாக்டர். சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "கால் எப்படி இருக்கு மாமாவுக்கு?" என்று கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு நைசாக நகர்ந்துவிட்டேன்.

கண் தானம் செய்த முதியவர்களின் வில்லைகளும், ஒப்பிட்டுப் பார்க்கச் சில இளையவர்களின் வில்லைகளும் கண் வங்கி மூலமாகக் கிடைத்தன. பத்து நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், படிகளில் தடதடவென்று சத்தம். சின்ன டாக்டர் பாதிச் சோற்றில் இருந்த எங்கள் முன்னால் ஒரு படத்தை நீட்டினார். இளம் வில்லைகளின் வரிசையில் ஒன்றுமில்லை. முதிய வில்லைகளின் வரிசையில் ஒரு கோடு. மங்கலாகத்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"புடிச்சிருக்குக்கா!"

அக்கா படத்தைக் கையில் வாங்கவில்லை. கையில் குழம்பு. குனிந்து பார்த்தார். "இந்த மெல்லிசுக் கோடா? இதுக்கா இந்த ஓட்டம்?" என்றார். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அவர்கள் சரியான பாட்டிலை வைத்து இன்னொரு ஆன்டிபாடியும் செய்தார்கள். அது எல்லா வில்லைகளிலும் பிடித்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எது இளசு, எது முதிர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. சின்ன டாக்டர் நிஜமாகவே டாக்டர் ஆனார். உலகமே தலைகீழாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கண்ணைப் பற்றி ஆராய்கிற ஏழெட்டு இடங்களிலிருந்து அந்தத் தவறான ஆன்டிபாடியைக் கேட்டுக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். இரண்டு மாதம் முடிந்ததும் அக்கா ஸ்டோருக்குத் திரும்பினார். கணினிக்காரரே நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். அதன்பிறகு ஜன்னலில் கொடுப்பவரும் வாங்குபவரும் இரண்டு பேருமே லேபிளை உரக்கப் படிக்க வேண்டும் என்று அக்கா ஒரு சட்டம் போட்டார். காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் போனால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும்.

இத்தனை வருடத்தில் அவர் விலங்குக் கூடத்துப் பக்கம் போனதே இல்லை. ஒரு நாள் என்னிடம், "அந்த ரெண்டு முயலும் இருக்கா?" என்று கேட்டார். ஒன்று வயதாகி இறந்துவிட்டது, ஒன்று இருக்கிறது என்றார்கள். அனுமதி வாங்கி, மேலங்கி, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். வெள்ளை முயல், காது ஓரம் மட்டும் சாம்பல். கொழுகொழுவென்று வைக்கோல்மேல் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது.

அக்கா கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீதானா அது? தப்பா குடுத்தாலும் ஒழுங்கா வேல பாத்தது நீதானா?"

முயல் ஒரு முறை மூக்கைச் சுருக்கிப் பார்த்தது. பிறகு, நாங்கள் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. பராமரிப்பவர் சங்கடப்பட்டு, "யாருகிட்டயும் இப்படித்தான் மேடம், கொஞ்சம் திமிரு" என்றார்.

"இருக்கட்டும், இருக்கட்டும். திமிரு இருக்க வேண்டியதுதான்" என்றார் அக்கா, எழுந்திருக்க மனமில்லாமல்.